கேட்டால் சொல்வேன்: பாதி நிரம்பிய கூடும் தீராத சந்தேகங்களும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வேதியியல் கடிதங்கள் குவியும். இம்முறை வந்தவை எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: இடைநிலை உலோக அயனிகளின் எலக்ட்ரான் அமைப்பு, அவற்றில் எது நிலையானது, ஏன். தாராவியில் தோல் வியாபாரம் செய்பவர் ஒருவரும் தெரிந்தோ தெரியாமலோ அதையே கேட்டிருக்கிறார். ஆகவே ராசிக்கல் பற்றியும் முடி கொட்டுவது பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, டி-துணைக்கூடு (அணுவில் பத்து எலக்ட்ரான் வரை தங்கும் ஓர் அடுக்கு) பாதி நிரம்பினாலோ முழுதும் நிரம்பினாலோ அயனி நிலையானது என்று டியூஷனில் எழுதிக் கொடுத்தார்கள். மாங்கனீஸ் 2+, இரும்பு 3+ இரண்டிலும் ஐந்து எலக்ட்ரான்; சரி. ஆனால் குரோமியத்துக்கு நீரில் 3+ தான் மிகவும் நிலையானதாம். அதில் மூன்று எலக்ட்ரான்தானே? குரோமியம் 2+, மாங்கனீஸ் 3+ இரண்டிலும் நான்கு எலக்ட்ரான். ஒன்று எலக்ட்ரானைத் தரும் ஒடுக்கியாகவும் மற்றது அதைப் பறிக்கும் ஆக்சிஜனேற்றியாகவும் இருப்பது எப்படி?
— மாணவி, சயான் கோலிவாடா

டியூஷனில் கொடுத்த வரியை மனப்பாடம் செய்யாமல் சண்டைக்கு இழுத்திருக்கிறாயே, அதற்கே உனக்கு முழு மதிப்பெண் போடலாம் அம்மா.

‘நிலையானது’ என்று யாராவது சொன்னால் உடனே இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எதைவிட நிலையானது? எந்த இடத்தில்? தனியாக வெற்றிடத்தில் மிதக்கும் இரும்பு 3+ அயனியில் நிலைப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஓர் இரும்பு அணுவிடமிருந்து மூன்று எலக்ட்ரான்களைப் பிடுங்க, மோலுக்கு 762, 1562, 2957 என்று மொத்தம் 5281 கிலோஜூல் செலவாகிறது. நீரில் போட்டவுடன் நீர் மூலக்கூறுகள் அந்த அயனியைச் சூழ்ந்துகொண்டு அதில் 4400 கிலோஜூலை ஒட்டித் திருப்பித் தருகின்றன. ஆக, இது மளிகைக் கடை வரவு செலவு போன்ற கணக்கு. செலவுப் பக்கத்தில் அயனியாக்கும் ஆற்றல். வரவுப் பக்கத்தில் நீரேற்ற ஆற்றல், படிக ஆற்றல், ஈனிகள் (அயனியைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறுகள், அயனிகள்) தருவது. ‘பாதி நிரம்பியது’ என்பது அந்தக் கணக்கில் ஒரு வரி. சில நேரம் பெரிய வரி, சில நேரம் சில்லறை.

முதலில் அது பெரிய வரியாக இருக்கும் இடம். மூன்றாவது எலக்ட்ரானைப் பிடுங்கும் செலவை வரிசையாக எழுதிப் பார்: குரோமியம் 2987, மாங்கனீஸ் 3248, இரும்பு 2957, கோபால்ட் 3232. அணுக்கருவின் மின்சுமை கூடக்கூடச் செலவும் கூட வேண்டும். ஆனால் மாங்கனீஸிலிருந்து இரும்புக்கு வரும்போது கிட்டத்தட்ட 290 குறைகிறது. காரணம் பரிமாற்ற ஆற்றல். ஒரே திசையில் சுழலும் எலக்ட்ரான்களில் எத்தனை ஜோடி சேர்க்கமுடியுமோ அத்தனை பங்கு ஆற்றல் லாபம். ஐந்து எலக்ட்ரான் என்றால் 10 ஜோடி. நான்கு என்றால் 6. மாங்கனீஸ் 2+ ஓர் எலக்ட்ரானை இழந்தால் நான்கு ஜோடி நட்டம். இரும்பு 2+ அயனியில் ஆறாவது எலக்ட்ரான் எதிர்த்திசையில், ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலில், அதாவது எலக்ட்ரான் தங்கும் அறையில், நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. அது போனால் ஒரு ஜோடிகூட நட்டமில்லை, நெருக்கடியும் தீரும். ஆகவேதான் 3+ ஐ 2+ ஆக ஒடுக்கும் திட்ட மின்னழுத்தம் (இது கூடினால் எலக்ட்ரானைப் பிடிக்கும் ஆசையும் கூடுதல்) மாங்கனீஸுக்கு சுமார் +1.5 வோல்ட், இரும்புக்கு +0.77. மாங்கனீஸ் 3+ எங்கே எலக்ட்ரான் கிடைக்கும் என்று அலைகிறது. அதனால் அது ஆக்சிஜனேற்றி.

இனி குரோமியம். அதன் மூன்றாவது அயனியாக்கும் ஆற்றல் இரும்பைவிட 30 கிலோஜூல் அதிகம். அப்படியானால் இரும்பு 2+ ஐவிடக் குரோமியம் 2+ எலக்ட்ரானை விட அதிகம் தயங்க வேண்டும். ஆனால் அதன் மின்னழுத்தம் −0.41 வோல்ட், காற்று பட்டாலே எலக்ட்ரானை விட்டுவிடும். ஆக, காரணம் தனி அயனியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள நீரில் இருக்கிறது. ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாகச் சூழும்போது ஐந்து டி-ஆர்பிட்டால்களும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மூன்று கீழே இறங்குகின்றன. நீரை நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு மேலே ஏறுகின்றன. இதுதான் 1929இல் ஹான்ஸ் பெத்தே தொடங்கிவைத்த படிகப் புலக் கொள்கை. குரோமியம் 2+ அயனியின் நான்காவது எலக்ட்ரான் மேல் மட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி விட்டால் மீதி மூன்றும் கீழ் மட்டத்து மூன்று ஆர்பிட்டால்களில் ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். இப்படிக் கீழ் மட்டத்தில் உட்காருவதால் மட்டும் குரோமியம் 3+ க்கு மோலுக்கு 250 கிலோஜூல் அளவு ஆதாயம். பாதி நிரம்புவதுதான் முக்கியம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: ஆமாம், இங்கும் பாதி நிரம்பியிருக்கிறது. ஆனால் டி-துணைக்கூடு அல்ல, அதன் கீழ் மட்டம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. புத்தகங்கள் ஒற்றை வரியில் கடந்துவிடும், எனக்கோ இதுதான் சோறு போட்டது. குரோமியம் 3+ தன் நீர் மூலக்கூறுகளை லேசில் விடாது. இரும்பு 2+ ஒரு நீர் மூலக்கூறை விட்டு வேறொன்றைப் பிடிக்க ஒரு மைக்ரோவிநாடிகூட ஆகாது. குரோமியம் 3+ அயனியில் அதே மாற்றம் பாதி நடக்கவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். எந்த அயனி சட்டென்று ஈனியை மாற்றும், எது மாற்றாது என்பதை எலக்ட்ரான் அமைப்போடு சேர்த்துப் புரியவைத்தவர் ஹென்றி டாப். 1983இல் நோபல் பரிசு பெற்றார். ஆற்றல் கணக்கில் நிலையாக இருப்பது வேறு, நகராமல் உட்கார்ந்திருப்பது வேறு. குரோமியம் 3+ இரண்டிலும் கெட்டி.

அந்தக் கெட்டித்தனம்தான் தோல் பதனிடும் தொழிலின் மூலதனம். குரோமியம் தோலின் கொலாஜன் இழைகளுக்கு இடையே போய் அவற்றின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு டிரம் தோலுக்கும் கொதிநீர்ச் சோதனை நடக்கும். கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் ஒரு துண்டு வெட்டி, முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்போம். நடுவில் வெள்ளைக்கோடு தெரியாமல் முழுக்க நீலம் ஓடியிருக்க வேண்டும். பிறகு துண்டைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் விட்டு எடுத்து, அதே கோட்டின்மேல் வைப்போம். கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். பதனிடாத தோல் 65 டிகிரி வாக்கிலேயே சுருண்டுவிடும். குரோமியம் நன்றாக ஏறிய தோல் கொதிநீரிலும் அசையாது.

தேர்வில் என்ன எழுதுவது? குரோமியம் 2+ க்கு ‘கீழ் மட்டம் பாதி நிரம்பிய டி-மூன்று அமைப்பை அடைவதால் ஒடுக்கி’ என்றும், மாங்கனீஸ் 3+ க்கு ‘பாதி நிரம்பிய டி-ஐந்தை அடைவதால் ஆக்சிஜனேற்றி’ என்றும் எழுது. மதிப்பெண் வரும். மேலே சொன்னதை உனக்காக வைத்துக்கொள்.

அண்ணாச்சி, தொண்ணூறு அடிச் சாலையில் பை, பெல்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். வாங்குபவர்கள் ‘குரோமியம் ஆறு இல்லை’ என்று சான்றிதழ் கேட்கிறார்கள். தோல் அனுப்பியவரோ, நாங்கள் போட்டதே குரோமியம் மூன்றுதான் என்கிறார். ஒரு முறை சோதனையில் ஆறு வந்துவிட்டது. மூன்று எப்படி ஆறாகும்? யார் பொய் சொல்கிறார்கள்?
— தோல் பொருள் செய்பவர், தாராவி

யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. மேலே மாணவிக்குச் சொன்னதைப் படித்திருப்பீர்கள்: எந்த இடத்தில் நிலையானது என்று கேட்க வேண்டும். அமிலத்தில் குரோமியம் 3+ அசைக்க முடியாதது. குரோமியம் ஆறு, அதாவது 6+, இருக்கும் டைகுரோமேட்டிலிருந்து அதற்கு இறங்கும் மின்னழுத்தம் +1.33 வோல்ட், அதாவது ஆறு கிடைத்தாலும் மூன்றாக இறங்கவே துடிக்கும். காரத்தில் கதை தலைகீழ். அங்கே அதே எண் −0.13. லேசான ஆக்சிஜனேற்றி ஒன்று கிடைத்தால் மூன்று மெல்ல ஆறாக ஏறிவிடும். ஆறில் டி-எலக்ட்ரான் ஒன்றுகூடக் கிடையாது. அதைத் தாங்குவது நான்கு பக்கமும் இறுகப் பிணைந்த ஆக்சிஜன் அணுக்கள்.

தோலில் இது நடக்கும் வழிகள் தெரிந்தவைதான். பதனிட்ட பிறகு அமிலத்தைச் சமன்செய்யும்போது சோடாவை அள்ளிப் போட்டுக் காரத்தன்மையை ஏற்றுவது. மென்மைக்காக மீன் எண்ணெய் போன்ற நிறைவுறா எண்ணெய்களை ஏற்றுவது. அவை காற்றில் கெட்டுப்போகும்போது பெராக்சைடு உண்டாகி, அதுவே ஆக்சிஜனேற்றி ஆகிவிடுகிறது. பிறகு வெயிலும் வறண்ட சூடும். தகர ஷெட்டின் மேல்தட்டில் மாதக்கணக்கில் அடுக்கிவைத்த தோலுக்கு இவை எல்லாமே கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது. கட்டுப்பாடு காரணமில்லாமல் வரவில்லை. ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் அந்தத் தோலுக்குப் பிறகு மிகச் சிறு அளவே போதும், அரிப்பும் கொப்புளமும் வரும். ஆய்வுக்கூடத்தில் டைஃபீனைல் கார்பசைடு சேர்ப்பார்கள். ஆறு இருந்தால் செங்கருநீலம் காட்டும், மூன்றுக்குக் காட்டாது.

நீங்கள் செய்ய வேண்டியது: தோல் வாங்கும்போதே எந்த எண்ணெய் போட்டது, கடைசியில் காரகாடி (pH) எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கட்டத்தில் தாவரப் பட்டைச் சாறு கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். அதிலுள்ள டானின் ஆறை மூன்றாகவே இறக்கிவிடும். சரக்கை வெயிலும் கூரைச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். சாம்பிள் கொடுக்கும்போது புதுத் தோலை மட்டும் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டுப் பழைய தோலில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நம்புகிறேன்.

4எஸ் முதலில் நிரம்புகிறது, ஆனால் அயனியாகும்போது 4எஸ்தான் முதலில் காலியாகிறது. பிள்ளைகள் கேட்டால் மழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள்.
— ஆசிரியை, டோம்பிவிலி

மழுப்பாமல் சொல்லலாம் டீச்சர். நிரப்பும் வரிசை என்பது ஒவ்வொரு தனிமமாக நகரும்போது, அணுக்கருவிலும் ஒரு புரோட்டான் கூட, கிடைப்பது. அயனியாவது ஒரே அணுக்கருவை வைத்துக்கொண்டு எலக்ட்ரானைக் கழிப்பது. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வரும் என்று யார் சொன்னது?

ஸ்காண்டியத்தைப் பாருங்கள். கால்சியம் வரை 4எஸ் கீழே. ஸ்காண்டியத்திலிருந்து 3டி கீழே இறங்கிவிடுகிறது. ஸ்காண்டியம் 2+ அயனியில் மிஞ்சும் ஒரே வெளி எலக்ட்ரான் 3டி-யில்தான் இருக்கிறது, 1+ இல் 3டி-யில் ஒன்று, 4எஸ்-இல் ஒன்று. அப்படியானால் நடுநிலை அணுவில் மூன்றும் 3டி-க்கே போகாதது ஏன்? 3டி சிறிய, அடக்கமான இடம். அதில் எலக்ட்ரான்களுக்கு இடையே விலக்கு விசை அதிகம். இரண்டை அகன்ற 4எஸ்-இல் விட்டால் மொத்த ஆற்றல் குறைகிறது. தனி ஆர்பிட்டாலின் மட்டம் வேறு, அணுவின் மொத்தக் கணக்கு வேறு.

கூடவே, குரோமியத்தின் 3டி-ஐந்து 4எஸ்-ஒன்று அமைப்பைச் சொல்லும்போது டங்ஸ்டனையும் சொல்லிவிடுங்கள். அதே தொகுதி, மாலிப்டினம் குரோமியத்தைப் பின்பற்றுகிறது, டங்ஸ்டன் 5டி-நான்கு 6எஸ்-இரண்டு என்று நிற்கிறது. நியோபியம் 4டி-நான்கு 5எஸ்-ஒன்று. அங்கே பாதியும் இல்லை, முழுதும் இல்லை. சூத்திரத்தை நம்பும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் நல்ல மருந்து.

டாக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையில் ‘ஃபெரஸ்’ என்று போட்டிருக்கிறது. என் மகன், ‘ஃபெர்ரிக்தானே நிலையானது, ஏன் அம்மா உனக்கு நிலையில்லாததைக் கொடுக்கிறார்கள்’ என்று கிண்டல் செய்கிறான். டீயோடு சாப்பிடக் கூடாது என்பதும் உண்மையா?
— இல்லத்தரசி, செம்பூர்

மகனிடம் சொல்லுங்கள்: குடலுக்குள் நிலைப்பை யாரும் கேட்கவில்லை, கரையுமா என்பதுதான் கேள்வி. ஃபெர்ரிக், அதாவது இரும்பு 3+, வயிற்று அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலின் நடுநிலைக்கு வந்ததும் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும், துரு மாதிரி. ஃபெரஸ், அதாவது 2+, அங்கேயும் பெருமளவு கரைந்து நிற்கும். குடல் செல் உள்ளே இழுத்துக்கொள்வதும் 2+ வடிவத்தைத்தான். 3+ வந்தால் அதை ஒடுக்க ஒரு நொதியையே வாசலில் வைத்திருக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் கூடச் சாப்பிடச் சொல்வது இதற்காக. வைட்டமின் சி இரும்பை 2+ ஆகவும் கரைந்த நிலையிலும் வைத்திருக்க உதவுகிறது.

உள்ளே போன பிறகு உடம்பு இரண்டையும் ஆளுகிறது. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெர்ரின் புரதம் 3+ ஐச் சுமக்கிறது. ஹீமோகுளோபினில் இரும்பு 2+ ஆக இருக்க வேண்டும். 3+ ஆகிவிட்டால் ஆக்சிஜனைப் பிடிக்காது, அதற்கு மெட்ஹீமோகுளோபின் என்று பெயர். புரதத்தின் மடிப்புக்குள் நீர் எளிதில் நுழையாதபடி ஹீமை வைத்திருப்பதால்தான் அது 2+ ஆகத் தாக்குப்பிடிக்கிறது. அப்படியும் தினமும் கொஞ்சம் 3+ ஆகும். அதைத் திருப்பவும் நொதி உண்டு.

டீ விஷயம் உண்மை. சந்தேகம் என்றால் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் பால் சேர்க்காத டிகாஷனில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் மை போல் கறுக்கும். மை போல் என்ன, மையேதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்த எழுதுமை இதுதான்: அன்னபேதி ஃபெரஸ் சல்ஃபேட், கடுக்காயில் டானின். எழுதும்போது வெளிறி இருக்கும்; காற்றில் இரும்பு 3+ ஆக மாற மாறக் கறுத்து, அழியாமல் நிற்கும். உங்கள் குடலில் இதைத் தயாரிக்க வேண்டாம். மாத்திரைக்கும் டீக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அளவை டாக்டர் சொன்னபடியே.

செம்பு 1+ அயனியில் டி-பத்து முழுதாக நிரம்பியிருக்கிறது. ஆனாலும் நீரில் அது நிற்பதில்லை, 2+ நிற்கிறது. விதி எங்கே போனது?
— பி.எஸ்சி. மாணவர், முலுண்ட்

விதி மாறவில்லை தம்பி, நீர் அதிக விலை கொடுக்கிறது. இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 1958 கிலோஜூல். ஆனால் செம்பு 2+ ஐ நீர் சூழும்போது சுமார் 2100 திரும்பக் கிடைக்கிறது. 1+ க்கு 600கூட இல்லை. இரண்டு 1+ அயனிகள் சந்தித்தால் ஒன்று எலக்ட்ரானை மற்றதிடம் தந்து 2+ ஆகும், மற்றது உலோகச் செம்பாக அடியில் படியும். இதுதான் விகிதச்சிதைவு. மின்னழுத்த வித்தியாசம் 0.37 வோல்ட், சமநிலை மாறிலி பத்து லட்சத்துக்கு மேல். நீரை எடுத்துவிட்டால், அல்லது அயோடைடு போன்ற ஈனியைக் கொடுத்தால், 1+ அழகாக நிற்கும். மயில்துத்தக் (செம்பு சல்ஃபேட்) கரைசலில் பொட்டாசியம் அயோடைடு ஊற்றிப் பார். நீலம் போய்ப் பழுப்பு அயோடினோடு வெள்ளைக் குப்ரஸ் அயோடைடு படியும்.

துத்தநாகம் இடைநிலைத் தனிமமா, இல்லையா? ஒரே வரியில்.
— மாட்டுங்கா

அணுவிலும் 2+ அயனியிலும் டி-துணைக்கூடு முழுதாக இருப்பதால் சர்வதேச வரையறைப்படி இல்லை. உங்கள் பாடநூல் அட்டவணையில் அந்த வரிசையிலேயே இருந்தாலும்.

கைப்பைக்குள் வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நீலமாக இருந்தது, மழைக்காலத்தில் ரோஜா நிறமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?
— தாராவி

கெடவில்லை, ஈரம் குடித்துவிட்டது. அதில் தடவியிருப்பது கோபால்ட் குளோரைடு. உலர்ந்திருக்கும்போது கோபால்ட்டைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் குளோரைடுகள். ஈரம் வந்ததும் அந்த இடத்தை நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன. அதே 2+, அதே ஏழு டி-எலக்ட்ரான். சுற்றி இருப்பவர்கள் மாறியதால் மட்டங்களின் இடைவெளியும் நிறமும் மாறின. 120 டிகிரி அளவில் சில மணி நேரம் உலர்த்தினால் நீலம் திரும்பும். ஆனால் சமையல் வாணலியில் செய்யாதீர்கள். கோபால்ட் குளோரைடு நஞ்சு, ஐரோப்பாவில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். சிறு குழந்தை உள்ள வீடு என்றால் அந்தப் பொட்டலத்தை எடுத்து எறிந்துவிட்டு, கோபால்ட் சேராத ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.